ஏரிப்பட்டியும் மானியமும்: ஊர்ப்பொதுப்பணிக் கொடை பற்றிய ஓர் ஆய்வு

மானியம் என்னும் சொல் இன்று ஊராட்சி அலுவலகங்களில் நாள்தோறும் வழங்கி வருவது. அரசு ஊராட்சிக்கு ஒதுக்கும் பணத்தொகை என்பதே அதற்கு இப்போதுள்ள பொருள். பழைய நிலக்கணக்குகளைப் புரட்டுவோர்க்கோ அச்சொல் வேறொரு பொருளைத் தரும். ஒரு பணியைத் தொடர்ந்து செய்து வருவதற்காக, வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலமே அங்கு மானியம் எனப்பட்டது. நிலத்தைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்கலானது வெறும் சொற்பொருள் மாற்றம் அன்று. ஊரின் நீர்நிலையைப் பேணும் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதையும் அது உடன் உணர்த்துகிறது. இதனைச் செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தையும் அதன் அண்டை ஊர்களையும் கருத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈண்டுக் கூறப்படும் கொத்தமங்கலம் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிப் பகுதியைச் சார்ந்தது. இதே பெயருடைய ஊர் புதுக்கோட்டை மாவட்டத்திலும் உண்டாதலின் மயங்குதல் கூடாது. மங்கலம் என முடியும் ஊர்ப்பெயர்கள் பல, பண்டு அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்களைக் குறிப்பன. எனினும் பெயரொன்றையே சான்றாகக் கொண்டு இவ்வூரில் ஒரு சபை இருந்தது எனத் துணிதல் பொருந்தாது. ஊர்ப்பெயரிலிருந்து வரலாறு சமைக்கும் வழக்கம் நம்மிடையே சற்று மிகுதி.

செட்டிநாடு வற்றாத ஆறு பாயாத நிலம். மழைநீரைத் தேக்கியன்றி அங்கு மக்கள் வாழ்தல் இயலாது. ஆதலின் வயலுக்குக் கண்மாயும் குடிநீர்க்கு ஊருணியும் ஊர்தோறும் அமைந்தன. ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. பேச்சு வழக்கில் ஊரணி. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம், பேரறிவாளனது செல்வத்திற்கு நிரம்பிய ஊருணியை உவமையாக்குதல் யாவரும் அறிந்ததே. நகரத்தார் வீடுகளின் ஓட்டுச் சரிவுகளும் வளவு முற்றங்களும் மழைநீரை வீணாக்காமல் திரட்டும் வகையில் அமைந்தவை. தெருவடி நீரும் வாய்க்கால்வழியே ஊருணியைச் சேரும். ஆனால் நீரோடு மண்ணும் வரும். ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றாவிடின் ஊருணி மேடாகிவிடும். வெட்டுதல் ஒருமுறைச் செலவு; பேணுதலோ முடிவில்லாத செலவு. பொதுப்பணிக் கொடையின் வரலாறு முழுவதும் இவ்விரண்டாவது செலவை எவ்வாறு ஈடுகட்டுவது என்னும் வினாவையே சுற்றி வருகின்றது.

பல்லவர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இவ்வினாவிற்குத் தெளிவான விடை கூறுகின்றன. ஏரியைப் பேணுதற்கென ஒதுக்கிய நிலம் ஏரிப்பட்டி எனப் பெயர் பெற்றது. அந்நிலத்தின் விளைவு வேறு செலவிற்குச் செல்லாது. ஏரிக்கென்றே தண்டப்பட்ட வரி ஏரி ஆயம் எனப்பட்டது. பொன்னாகக் கொடுப்போர் அதனைச் சபையாரிடம் முதலாக வைத்தனர்; முதல் அழியாது நிற்க, அதன்மேல் வரும் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் குழி தோண்டி மண் வாங்கிக் கரையில் இடுவித்தனர். மண்ணை ஏற்றிச் செல்லும் ஓடங்களுக்குரிய செலவையும் எண்ணி நிவந்தம் வைத்தோர் உளர். மீன் பிடிக்கும் உரிமையின் வருவாயை அந்நீர்நிலைக்கே உரியதாக்கிய ஆவணங்களும் காணப்படுகின்றன. இவற்றுள் எதுவும் ஒருமுறை கொடுத்து மறக்கும் கொடையன்று. சந்திராதித்தவல் நிற்க வேண்டும் என்னும் கல்வெட்டுத் தொடரை மங்கல வாய்பாடு எனத் தள்ளிவிடுவாரும் உண்டு. எமக்கு அஃது ஒரு பொருளாதார விதியாகவே தோன்றுகின்றது. ஏரி உள்ளளவும் வருவாய் உண்டாகுமாறு கொடையை அமைத்தனர் என்பதே அதன் கருத்து.

இவ்வருவாயைக் கையாண்டோர் யாவர்? உத்தரமேரூரில் முதற் பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்கு விடை தருகின்றன. 30 குடும்புகளிலிருந்து குடவோலை வாயிலாக வாரியத்தார் தெரிந்தெடுக்கப்பட்டனர். சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். அவர்கள் பணியாற்றும் காலம் 360 நாள். குடவோலையின் முறையைப் பலரும் வியந்து எழுதியுள்ளனர். அதனினும் வியத்தற்குரியது வேறொன்று: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர்.

இம்முறையைப் பொற்காலமாகப் புனைதலும் தவறே. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன்மனையில் வீடும், வேதக்கல்வியும் உடைய ஆடவரே வாரியத்திற்கு உரியர். மண் சுமந்த கைகள் ஓலையில் இடம்பெறவில்லை. மேலும் இவை தொண்டை நாட்டு அந்தணர் சபையின் ஆவணங்கள். செட்டிநாட்டிற்கு அவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. இங்கு அண்மைச் சான்றாவன, புதுக்கோட்டைப் பகுதிக் கண்மாய்களில் நிற்கும் குமிழித் தூம்புக் கற்கள். அவற்றுட் பல, தூம்பு செய்வித்தார் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கம்பெனி ஆட்சியின் முடிவில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே ஆண்டில் நேர்ந்தன. 1858 இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பெற்றது. வரியில்லா நிலங்களின் உரிமைகள் ஆராயப்பட்டு, ஊழிய நிலங்கள் பல தனியார் உடைமையாக மாற வழி ஏற்பட்டது. அவ்வாண்டின் முதற் சட்டமோ, கரை உடையும் காலத்தில் ஊராரைக் கட்டாயமாகப் பணிக்கு அழைக்கவும், குடிமராமத்து எனப்பட்ட வழக்கிலுள்ள உழைப்பைத் தண்டவும் இடமளித்தது. ஊழியத்திற்குரிய நிலத்தின் கட்டு ஒருபுறம் தளர்ந்தது. ஊழியத்தைச் சட்டத்தால் தண்டும் முயற்சி மறுபுறம் தொடங்கியது. அக்குடிமராமத்து நாளடைவில் நலிந்ததில் வியப்பில்லை.

காரைக்குடிப் பகுதி சிவகங்கைச் சமீனுக்கு உட்பட்டிருந்தமையின், கண்மாய்ப் பொறுப்பு சமீனைச் சார்ந்தது. ஊருணியும் கோயிலும் பெரிதும் நகரத்தார் கொடையால் நிலைபெற்றன. திருமணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கொண்டு தண்டிய புள்ளி வரியும், வாணிகக் கணக்கில் அறத்திற்கென ஒதுக்கிய மகமையும் ஏரி ஆயத்தோடும் பொலிசையோடும் ஒப்புநோக்கத் தக்கன. இவையும் தொடர் வருவாய்களே. ஆயின் மகமையின் ஊற்று பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தது. 1930 ஐ ஒட்டிய வாணிக மந்தமும் 1942 இல் பர்மாவைச் சப்பானியர் கைப்பற்றியதும் அவ்வூற்றை அடைத்தன. 1948 ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் சமீனும் மறைந்தது. ஒரு தலைமுறைக்குள் கண்மாயும் ஊருணியும் தம் பழைய புரவலரை இழந்து நின்றன.

அவ்விடத்தை நிரப்ப வந்ததே புதிய பொருளிலான மானியம். 1958 ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டத்தின் கீழ், ஊராட்சி தண்டும் வீட்டுவரிக்கு ஈடான தொகையை அரசு மானியமாக அளித்தது. தானும் தண்டினாலன்றி ஊராட்சி அதைப் பெறாது. ஆதலின் அம்முறையில் பழைய அறிவின் சாயல் இருந்தது எனலாம். 1992 இல் நிறைவேறிய 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிக்கு உரியனவாக எண்ணியது. 1997 இல் தோன்றிய நமக்கு நாமே திட்டம், மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு தரும் என்றது. 2017 இல் குடிமராமத்து என்னும் பழம்பெயர் மீண்டும் உயிர்பெற்றது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. பாசனம் பெறுவோர் பங்கு நூற்றுக்குப் பத்து. 15 ஆவது நிதி ஆணையமோ 2021 முதல் 2026 வரையிலான ஊரக மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கைக் குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, துப்புரவு ஆகியவற்றிற்கே செலவிடக் கட்டளையிட்டது.

இவற்றின் பயனைக் குறைத்துக் கூறுதல் எம் கருத்தன்று. சாதியும் நிலமும் பாராது வாக்குரிமை பெற்ற மக்களின் மன்றம் இப்பணத்தைச் செலவிடுகின்றது. உத்தரமேரூர்ச் சபை அறியாத பேறு அது. ஆயினும் திட்டமானியம் பணியின் மதிப்பீட்டை ஒட்டியது. பணி முடிந்ததும் கணக்கு முடிகின்றது. வண்டலோ அடுத்த ஆண்டும் வந்து படியும். பழைய கொடையில் முதல் நின்று பொலிசை செலவாயிற்று. இன்று முதலே செலவாகின்றது. மக்கட்பங்கும் வெட்டும்போது கேட்கப்படுகின்றதேயன்றிப் பேணும்போது கேட்கப்படுவதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஊராட்சிக்குட்பட்ட நீர்நிலைகளில் மீன்பாசிக் குத்தகை இன்றும் விடப்படுகின்றது. அத்தொகை ஊராட்சியின் பொதுநிதியில் சேர்ந்து பிற செலவுகளோடு கலந்துவிடுகின்றது. கரையிலுள்ள மரங்களின் பலனும் அவ்வாறே. இவ்விரு வருவாயையும் அவை கிடைத்த நீர்நிலையின் பெயரிலேயே தனிக்கணக்காக எழுதி, ஆண்டுதோறும் கிராமசபையில் படிப்பார்களாயின், பெயரில் இல்லாவிடினும் பொருளில் அது ஏரிப்பட்டியே ஆகும்.