நூற்றவள் எங்கே போனாள்?

கைத்தறியையோ ராட்டையையோ கண்ணால் பார்த்த நினைவே இல்லாமல்தான் 'இந்து சுயராஜ்யம்' எழுதினேன் என்று காந்தி தன்வரலாற்றில் சொல்கிறார். 1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கியபோது தறி சுலபமாகக் கிடைத்தது. கற்றுக்கொடுக்க பாலன்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ஆனால் தறியில் ஓடியது மில் நூல். கையால் நூற்கத் தெரிந்தவர் ஒருத்தரும் அகப்படவில்லை.

1917இல் புரோச் மாநாட்டில் கங்காபென் மஜும்தாரைச் சந்திக்கிறார். கைம்பெண், குதிரையேற்றம் தெரிந்தவர், அசராத ஆள். அவர்தான் குஜராத்தில் அலைந்து திரிந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டையைக் கண்டுபிடித்தார். வீடுவீடாகப் பரணில் கிடந்திருக்கிறது! பஞ்சுப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, நூலையும் வாங்கிக்கொள்வதானால் நூற்கிறோம் என்றார்கள் அந்தப் பெண்கள். அந்தப் பட்டையும் முதலில் உமர் சோபானியின் மில்லிலிருந்துதான் போனது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்று. நெசவாளர் இருக்கிறார், நூற்பவள்தான் இல்லை. லங்காஷயர் என்றால் நமக்கு அழிந்த தறிதான் ஞாபகம் வரும். உண்மையில் முதலில் விழுந்தது ராட்டை.

கணக்கைப் பார்த்தால் புரியும். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டமோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு பவுண்டு என்றால் 33,600 கெஜம், சுமார் 31 கிலோமீட்டர். அவ்வளவும் ஒருத்தியின் விரலிடுக்கில் கதிர் சுற்றச் சுற்ற இழுபட்டு வரவேண்டும். நூறு பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைகளுக்கு 50,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1825 வாக்கில் இங்கிலாந்தின் தானியங்கி இயந்திரத்துக்கு அதுவே 135 மணி நேரம்! தறியில் இப்படியொரு பாய்ச்சல் அப்போது நடக்கவில்லை. அதனால் நெசவாளர் கப்பலில் வந்த நூலை வாங்கினார். மலிவு, சீரான முறுக்கு, பாவில் அறுந்து உயிரை வாங்காது. வேறென்ன செய்வார் பாவம்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

நெசவுக்குச் சாதிகள் இருந்தன. கைக்கோளர், தேவாங்கர், சாலியர் என்று பெயர்கள் உண்டு. சோழர் கல்வெட்டில் 'தறியிறை' என்று வரியே உண்டு. நூற்பு அப்படியில்லை. அது பல சாதிப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே செய்தது. ஆணில்லாத வீட்டின் பெண்ணும், சின்ன விளக்கு வெளிச்சத்தில் பஞ்சோடு இருப்பவளும் சங்கப் பாட்டிலேயே வருகிறார்கள். சங்கம் கூடவோ மனுக் கொடுக்கவோ அவளுக்கு வழியில்லை. ராட்டை பரணுக்குப் போனது, அவ்வளவுதான்.

1925இல் தொடங்கிய கதர் அமைப்பு நூற்பவர்களின் பெயரிலேயே அமைந்தது: அகில பாரத சர்க்கா சங்கம். 1929இல் நல்ல ராட்டை கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார்கள். பின்னால் அம்பர் சர்க்காவை உருவாக்கிய ஏகாம்பரநாதன் நம்மூர்க்காரர்.

ஆனால் கூலி? 1935இல் காந்தி எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா வேண்டும் என்று வாதாடினார். கதர் விலை ஏறிவிடும், யார் வாங்குவாங்க என்று தயங்கியவர்கள் மில் முதலாளிகள் இல்லை, கதர் இயக்கத்துக்காரர்களே. கடைசியில் ஒப்புக்கொண்ட தொகை எட்டணாவுக்கு ரொம்பக் கீழே.