ஏடு தேடும் நாள்கள்: கல்லூரி ஆசிரியரும் பயண நல்கையும்

நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறும் கல்லூரி ஆசிரியர் காலையில் எழும்பூரில் இறங்குகிறார். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நிலையத்துக்கு எதிர்ச்சாலையில்தான் இருக்கிறது. முதல்வரிடம் வாங்கி வந்த கடிதத்தைக் காட்டி அனுமதி பெற்று, அட்டவணையைப் புரட்டி, கட்டின் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கட்டு மேசைக்கு வரும்போது பிற்பகல் ஆகிவிடுகிறது. நாடாவை அவிழ்த்து, ஓரம் பொடிந்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினால், தேடிய அரசாணை அதில் இல்லை. அது எந்தக் கோப்போடு சேர்க்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. மறுநாள் அந்தக் கோப்புக்குச் சீட்டு எழுதுகிறார். அது கைக்கு வந்து பத்துப் பக்கம் படிப்பதற்குள் மாலை. அடுத்த நாள் முதல் வகுப்பு அவருடையது. இரவு வண்டியைப் பிடித்தாக வேண்டும். என் ஆய்வுக்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது. சொந்தப் பணம் செலவானதைவிட, பாதியில் மூடி வைத்துவிட்டு வந்த அந்தக் கோப்புகள்தான் இன்றும் மனத்தை அறுக்கின்றன.

பயண நல்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பயணச்சீட்டுக்கான பணத்தைத்தான். ஆய்வுக்கு வேண்டியதோ நாள்கள். கல்லூரி ஆசிரியருக்கான நல்கைகள் நிகழ்ச்சியை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டிருக்கின்றன. கருத்தரங்கின் பெயர், அழைப்புக் கடிதம், கட்டுரைச் சுருக்கம், திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ், பங்கேற்புச் சான்றிதழ் ஆகியவற்றை எளிதில் சரிபார்க்கலாம், தணிக்கைக்கும் வசதி. காப்பகத்தில் முப்பது நாள் உட்கார்ந்து படித்ததற்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடையாது.

பதவி உயர்வு விதிகளும் இந்தச் சாய்வை உறுதிப்படுத்துகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகள் வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 7 மதிப்பெண், உள்நாட்டுப் பன்னாட்டுக் கருத்தரங்கென்றால் 5, தேசிய அளவில் 3, மாநில அளவில் 2 என்று கணக்கிடுகின்றன. மூல ஆவணங்களைத் தேடிப் படித்த உழைப்புக்கு அந்த அட்டவணையில் தனி இடம் இல்லை; நூலாகவோ கட்டுரையாகவோ வந்த பிறகுதான் அது கணக்கில் ஏறும். பதினைந்து நிமிட உரைக்கு உடனடி மதிப்பெண்ணும், ஐந்தாண்டுத் தேடலுக்கு ஐந்தாண்டு காத்திருப்பும் என்றால், இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழ் ஆய்வின் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக நிற்பவர் உ. வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை கல்லூரி ஆசிரியராகவே இருந்தவர் அவர். அவருடைய ஏட்டுத் தேடலில் பெரும்பகுதி விடுமுறைகளில் நடந்தது. பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலிச் சீமையில் அலைந்தபோது ஆழ்வார் திருநகரிக் கவிராயர் ஒருவர் வீட்டில் ஏடுகள் குவிந்து கிடந்தன. நாள்கணக்கில் தேடியும் வேண்டியது அங்கே அகப்படவில்லை. அந்தக் குடும்பத்தின் ஏடுகளில் சில உறவினர் வீட்டுக்குப் போயிருந்த செய்தி பிறகுதான் தெரியவந்தது; பத்துப்பாட்டு அங்கிருந்து வந்தது. 1889இல் பதிப்பு வெளியாயிற்று. இரண்டாம் நாளே அவர் ஊர் திரும்பியிருந்தால் அந்த வீட்டுக்கு வழி தெரிந்திருக்காது. எந்த ஆவணம், எந்த இடத்தில், எந்த எண்ணில் என்று முன்கூட்டியே கேட்கும் இன்றைய விண்ணப்பப் படிவத்தை அவரால் நிரப்பியிருக்கவே முடியாது.

மடங்களும் செல்வர்களும் அவருக்குத் துணை நின்றார்கள், பொதுப்பணம் தேவைப்படவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் துணை, கிடைத்தவருக்குக் கிடைத்தது. இன்று தருமபுரியிலோ இராமநாதபுரத்திலோ முதல் தலைமுறையாகப் படித்து வந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கு எந்த மடம் கதவு திறக்கும்? நல்கை பொது விதியாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நீண்ட தங்கல் என்ன தரும் என்பதற்கு இன்னொரு சான்று ஏ. கே. இராமானுஜன். பெல்காம், பரோடா முதலிய ஊர்களில் கல்லூரி ஆங்கில ஆசிரியராக இருந்தவரை 1959இல் ஃபுல்பிரைட் நல்கை இந்தியானா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றது. 1962இல் சிகாகோவில், ஹார்ப்பர் நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடியவர் கையில் சிக்கியது குறுந்தொகை. 1967இல் வெளிவந்த அவருடைய சங்கப் பாடல் மொழிபெயர்ப்பு அங்கிருந்து தொடங்கியது. நல்கை கொடுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. அவர் மொழியியல் படிக்கப் போனவர்.

இன்றும் வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபுல்பிரைட்-நேரு நல்கைகளின் செலவை 2008 ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய அரசும் பகிர்ந்துகொள்கிறது. சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை பிரிட்டனில் குறுகிய கால ஆய்வுக்கு உதவுகிறது. இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்திடம் காப்பகங்களுக்குச் சென்று படிப்பதற்கென்றே ஒரு நல்கை உண்டு. ஆனால் இவற்றுக்கான போட்டி நாடு தழுவியது. விண்ணப்பம் எழுதும் பயிற்சி பெருநகரப் பல்கலைக்கழகங்களில்தான் கிடைக்கிறது. 1961இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க மாணவர் மதுரையில் ஒரு கல்வியாண்டு முழுவதும் தங்கித் தமிழ் படிக்கிறார். அவர் நன்றாகப் படிக்கட்டும். அதே மதுரையில் பணிபுரியும் ஆசிரியர் எழும்பூரில் ஒரு மாதம் தங்கிப் படிக்க வழியில்லை என்பதே என் ஆதங்கம்.

எல்லாம் மின்வருடப்பட்டுவிட்டதே, பயணம் எதற்கு என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. ரோஜா முத்தையா நூலகம் போன்றவை செய்த பணியால் பல நூல்கள் வீட்டுக்கே வந்துவிட்டன; அதன் பயனை அனுபவிப்பவன் நான். ஆனால் வருடப்பட்டது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனம் காக்கும் தரங்கம்பாடி மிஷன் கடிதங்களையும் ஓலைகளையும் நேரில் பார்ப்பவருக்குப் பக்கத்துப் பெட்டியும் தெரியும். அந்த அறையில் முப்பதாண்டு பணிசெய்த காப்பாளரின் நினைவும் துணைக்கு வரும். தனிநாயகம் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த காலத்தில் ஐரோப்பிய நூலகங்களுக்கு நேரில் சென்று பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடியவர். 1679இல் அச்சான புரொவென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை அவர் 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

பிற பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளைப் பார்த்துவரும் பயணங்களைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்திலோ மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தமிழை எப்படிப் பாடமாக்கியிருக்கிறார்கள் என்பதை அறிய, தொடக்க விழாவும் நினைவுப் பரிசும் உள்ள இரண்டு நாள் போதாது. ஒரு பாடத்தின் நான்கு வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார வேண்டும்.

ஆகவே நல்கையின் அமைப்பு மாற வேண்டும். விமானக் கட்டணம் நான்கு நாளுக்கும் முப்பது நாளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெருஞ்செலவைச் செய்துவிட்டு நாள்களில் சிக்கனம் பிடிப்பது பொதுப்பணத்துக்கும் நட்டம். குறைந்தது இருபத்தொரு நாள் தங்கல் என்று விதி வேண்டும். தொகையின் பெரும்பங்கு முன்பணமாக வர வேண்டும். செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டு நீட்டுவது கையில் பணமுள்ளவருக்கே இயலும். சுயநிதிப் பிரிவில் குறைந்த ஊதியத்தில் பணிபுரிவோரும் கௌரவ விரிவுரையாளர்களும் விண்ணப்பிக்கத் தகுதி பெற வேண்டும். ஆசிரியர் போன பிறகு வகுப்பை யார் எடுப்பது என்பதற்கும் நல்கையிலேயே ஒரு தொகை ஒதுக்க வேண்டும். இல்லையேல் தடையின்மைச் சான்று முதல்வரின் மேசையிலேயே தங்கிவிடும். திரும்பி வந்தவர் தரும் அறிக்கையில், தேடிக் கிடைக்காதவற்றின் பட்டியலும் இடம்பெற வேண்டும். எந்தக் கட்டில் எது இல்லை என்று ஒருவர் எழுதி வைத்தால், அடுத்து நெல்லையிலிருந்து வருபவர் தம் முதல் சீட்டிலேயே சரியான எண்ணை எழுதுவார்.