தெருவோரப் பலகையும் கீரைப் பாத்தியும்

பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம் என்பதை இன்று மறுப்பாரில்லை. ஆயினும் அவ்வுரிமை தானாக வந்ததன்று. 1924இல் வைக்கத்தில், கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடப்பதற்காகப் பெரியார் உள்ளிட்ட பலர் சிறை புகுந்தனர். நமது கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளரோ, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டனர். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். செக்ரோல் எழுதும் கிராணி வகுப்பினராகிய நாம் இதனை நாணத்தோடு நினைத்தல் வேண்டும்.

தெருவில் நடக்கும் உரிமை கிடைத்தது. அங்கே உட்காரவும், ஒரு கீரை விதையை ஊன்றவும் உரிமை உண்டா என்பதே இனி வரும் கேள்வி. மேல்நாட்டார் சிலர் இதற்கு விடை கண்டுள்ளனர். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் சிலர், மோட்டார் நிறுத்துமிடத்திற்கு இரண்டு மணி நேரக் கட்டணம் செலுத்தி, அங்கே புல் விரித்து, ஒரு மரத்தையும் ஒரு பெஞ்சையும் வைத்தனர். இங்கிலாந்தின் டாட்மார்டன் ஊரார், 2008இல் தொடங்கி, ரயில் நிலையத்திலும் போலீஸ் நிலையத்தின் முன்னும் உண்ணத்தக்க செடிகளை நட்டு, யாரும் பறித்துக்கொள்ளலாம் என்றனர்.

இது நமக்குப் புதுமையன்று. லயத்து அஞ்சடியில் அமர்ந்து பேசுவதும், எதிரே முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ப்பதும் நம்மவர் வாழ்க்கை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிருக்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்கப் பணித்தது. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வரத்துக் குன்றியபோது, வீட்டோரமெல்லாம் மரவள்ளி நட்டே பலர் உயிர் பிழைத்தனர்.

நிற்க. அந்நிலம் எவருடையது? தோட்டத்தில் அது கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போயிற்று, முருங்கையும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கச் சிப்பந்திகளுக்கெனக் கட்டிய ‘நூறு குவாட்டர்ஸ்’, 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. வீடும் முற்றமும் ஒருசேர மறைந்தன. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் ‘லிட்டில் இந்தியா’வைத் தொடங்கிவைத்தபோது, வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. அலங்காரம் குற்றமன்று. ஆனால் அது பார்க்க வருபவனுக்கு. பாத்தியோ அங்கே வாழ்பவனுக்கு. அப்பெருந்தெரு தாங்கும் பெயர் துன் சம்பந்தனுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் அவர். உழைப்பவன் கையில் நிலவுரிமை இல்லாவிடில் எதுவும் நிலையாது என்பதே அச்சங்கம் தரும் பாடம்.

பக்கத்துப் பங்சாரில், மின்கம்பிகளின் கீழ்க் கிடந்த சரிவில் 2017இல் தொடங்கிய பொதுத் தோட்டம், நகரத்திலும் இது கூடும் என்று காட்டிவிட்டது. அதனையே சிறிய அளவில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் செய்யலாம். பெஞ்சின் இருபுறமும் ஓரடி ஆழத் தொட்டி அமைக்க வேண்டும். புகை படிந்த தெருமண் ஆகாது. நல்ல மண்ணும் எருவும் இடுதல் வேண்டும். நீர் தேங்கிக் கொசு பெருகாதபடி அடியில் துளை வேண்டும். கீரையை ஒரு மாதத்தில் பறிக்கலாம். கறிவேப்பிலை ஆண்டுக்கணக்கில் நிற்கும். அமர வந்த முதியவர் செடிக்கு நீர் வார்ப்பார். செடி பார்க்க வந்த பெண் அவரோடு பேசி அமர்வாள். இவ்விதம் பலகை பாத்தியைக் காக்கும், பாத்தி பலகையைக் காக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, நகராட்சியின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியை நம்பினால் லயத்து முருங்கையின் கதையே மீளும். இரண்டாவது, கோவில், ஜாதி, கட்சி, கொடையாளி என எவர் பெயரும் அதில் பொறிக்கப்படலாகாது. சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு, எவரைக் கண்டும் எழுந்து நிற்க வேண்டாத ஒரு பலகையே தகும்.