சுழியம்: மதிப்பும் எல்லையும் – கேரள வாக்கியங்கள் முதல் தரவுத்தளங்கள் வரை

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்கு உரிய செப்பேடுகள், சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கியதை வட்டெழுத்தில் பதிவு செய்துள்ளன. பொ.ஆ. 1000ஐ ஒட்டிய அந்த ஆவணத்தில் ஆட்சியாண்டும் உரிமைகளின் தொகையும் சொற்களாலேயே எழுதப்பட்டிருப்பதால், சுழியத்துக்கென ஒரு குறி வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகளை வைத்திருந்த பழந்தமிழ் எண்முறையும் அவ்வாறே சுழியமின்றி இயங்கியது. தமிழ்ச் சுழியக் குறி யுனிகோடில் சேர்ந்தது 2005இல்தான். எண்ணை இலக்க வரிசையாகப் பதிவு செய்யத் தொடங்கும்போதே, எழுத்துக்கென அமைந்த ஓர் ஊடகத்துக்குள் சுழியத்தை இழக்காமல் எவ்வாறு வைப்பது என்ற வினா பிறக்கிறது.

அவ்வினாவுக்கு முழுமையான விடை கண்டவர்கள் கேரள வானியலாளர்கள். கடபயாதி எனப்படும் முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. கூட்டெழுத்தில் கடைசி மெய் மட்டுமே கணக்கில் வரும். ‘ஞ’, ‘ந’ ஆகியவற்றின் ஒலிகளும் தனித்து நிற்கும் உயிர்களும் சுழியத்தைக் குறிக்கும். நிலவின் நாள்தோறுமான இருப்பைத் தரும் 248 சந்திர வாக்கியங்கள் இம்முறையில் அமைந்தவை. வரருசியின் பெயரால் வழங்கும் தொகுதியில் முதல் வாக்கியம் 3, 0, 2, 1 என்ற இலக்கங்களைத் தருகிறது. அவற்றைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் 12 பாகை 03 கலை கிடைக்கும். சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டையொட்டி அத்தொகுதியை விகலை அளவுக்கு நுட்பமாக்கியபோது, முதல் வாக்கியம் 12 பாகை 02 கலை 35 விகலை என ஆனது. இரண்டிலும் இடையே வரும் சுழியம் மற்ற இலக்கங்களைப் போலவே ஓர் எழுத்தாக ஒலிக்கிறது. வாக்கியத்தை அது முடித்துவிடுவதில்லை. தமிழகத்திலும் இவ்வழி நிலைத்திருந்ததை ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலால் அறியலாம். மனப்பாடமான இத்தகைய சொற்களைக் கொண்டும் சோழிகளைத் தரையில் வைத்தும் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

கணினி உலகில் சுழியத்தின் நிலை தொடக்கத்திலேயே வேறுபட்டது. 1963இல் வெளியான ஆஸ்கி தரத்தில் 0 என்ற எண்ணுக்குரிய குறி எந்த எழுத்தையும் சுட்டவில்லை. துளையிடப்படாத நாடாப் பகுதியை ஒத்த அது வெறும் இடைநிரப்பியாகவே பயன்பட்டது. எட்டு இருமங்களும் சுழியாக உள்ள இந்தப் பைட்டையே ‘சுழிய பைட்டு’ என்கிறோம். அச்சிடப்படும் ‘0’ என்ற இலக்கத்தின் ஆஸ்கி எண் 48 என்பதால் அது வேறு, தரவுத்தளத்தில் மதிப்பே பதியப்படாத கட்டத்தைக் குறிக்கும் ‘நல்’ என்பதும் வேறு.

இந்த இடைநிரப்பிக்கு எல்லைக்காவல் வேலை தரப்பட்டதுதான் வரலாற்றின் திருப்பம். பிசிபிஎல் என்ற மொழியில் எழுத்துச் சரத்தின் நீளம் அதன் முதல் பைட்டில் எழுதப்பட்டது. அந்த ஒற்றை இடம் நீளத்துக்கு ஒரு வரம்பை விதித்தமையாலும், எண்ணிக்கையைத் தொடர்ந்து பராமரிப்பது வசதிக் குறைவாகத் தோன்றியமையாலும், அதன் வழிவந்த பி மொழி நீளத்தைக் கைவிட்டு முடிவுக்குறியை ஏற்றது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கியுள்ளார். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் அவர் உருவாக்கிய சி மொழியில் அந்த முடிவுக்குறி சுழிய பைட்டாயிற்று. நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் இது நியாயமான சிக்கனமே; ஆயினும் ஒரு மதிப்பையே எல்லையாகவும் ஆக்கியதால், அம்மதிப்பைத் தன்னுள் கொண்ட தரவுக்குச் சரங்களில் இடமில்லாமல் போயிற்று.

அதன் விளைவைச் செப்பேட்டின் நிழற்படம் ஒன்றைக் கொண்டே காட்டலாம். பிஎன்ஜி வடிவக் கோப்பு எதுவும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு பைட்டுகளுடன் தொடங்கும். அடுத்து வரும் தலைப்புப் பகுதியின் நீளம் 0, 0, 0, 13 என எழுதப்பட்டிருக்கும். இக்கோப்பை சி மொழிச் சரமாகக் கருதி எழுத்துப் புலத்தில் இட முயலும் நிரல், ஒன்பதாவது பைட்டிலேயே தரவு முடிந்ததாக எண்ணி, எட்டு பைட்டுகளை மட்டும் சேமித்துவிட்டுப் பிழைச்செய்தி எதுவுமின்றி நின்றுவிடக்கூடும். தமிழ் உரையும் இதற்கு விலக்கன்று. ‘போர்ட் கொச்சி’ என்ற தொடரை யுடிஎஃப்-16 முறையில், உயர் பைட்டு முன்வருமாறு எழுதினால், தமிழ்க் குறிகள் அனைத்தும் 11 என்ற பைட்டுடன் தொடங்க, நடுவிலுள்ள இடைவெளி 0, 32 என அமைகிறது; சரமாகப் படிக்கும் நிரலுக்கு ‘போர்ட்’ மட்டுமே எஞ்சும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் பல பைட்டு எழுத்துகளுக்குள் சுழியம் வரவே வராது என்பதால், உரையளவில் இத்தொல்லை நீங்கியது.

படம், ஒலி போன்ற இருமத் தரவுக்கு அந்த வழி உதவாது. எனவே தரவுத்தளங்கள் முதலில் கடபயாதியின் வழியையே, அதை அறியாமலே, மேற்கொண்டன: சுழியத்தை ஓர் எழுத்தாக்குவது. பேஸ்64 முறையில் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாகின்றன. மூன்றும் சுழியமெனில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பெரிய எழுத்து நான்கு முறை வரும். தரவு மூன்றில் ஒரு பங்கு பெருகுவது இதற்குத் தரும் விலை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்புக்குத் துணையாக வந்த ஒரு நிரல், ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தேர்ந்தெடுத்த ஓர் எண்ணைக் கழித்து, எஞ்சிய சுழியங்களைத் தனிக் குறியிட்டு மாற்றியது. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பு, நீளத்தைத் தனியே பெற்றுக்கொள்ளும் ‘பிளாப்’ வகையை ஏற்றதும் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது. 1999ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரமும் பிளாப் வகையை வரையறுத்திருந்தது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது. அது தன் உரை மதிப்புகளை உள்ளே நீளத்துடனேயே வைத்திருக்கிறது. ஆயினும் அவற்றை வெளியிலிருந்து வாங்கும், வெளியே தரும் செயற்கூறுகள் சி மொழிச் சரங்களைக் கையாள்வதால், உரைப் புலத்தில் சுழிய பைட்டை அது ஏற்பதில்லை. பிசிபிஎல்லின் முறையும் சி மொழியின் முறையும் ஒரே மென்பொருளுக்குள் அருகருகே வாழ்கின்றன என்றே இதைக் கொள்ள வேண்டும். இருமத் தரவுக்கு அது வைத்திருக்கும் ‘பைட்-ஏ’ வகையின் பழைய வெளியீட்டு வடிவத்தில் சுழிய பைட்டு ஒரு பின்சாய்கோடும் மூன்று சுழிகளுமாகத் தோன்றியது. 2010இல் வந்த 9.0 பதிப்பு முதல் பதினாறடிமான வடிவம் இயல்பானதாகி, அது இரண்டு சுழிகளாகச் சுருங்கியது. எஸ்க்யூலைட் மறுப்பதில்லை, ஆனால் உரைக்குள் சுழியம் இருந்தால் அதன் நீளம் காணும் செயற்கூறு முதல் சுழியம் வரையுள்ள எழுத்துகளையே எண்ணிச் சொல்கிறது. வெளிப்படையான மறுப்பைவிட இதுவே ஆபத்தானது, ஏனெனில் சேமித்த தரவு முழுதாக இருக்கையிலேயே அது குறைந்ததாகத் தெரிகிறது.

ஒரு தளத்தின் பதிவுகளை மற்றொன்றுக்கு மாற்றும்போது இவ்வேறுபாடு உடனே தலைதூக்கும். பெறும் தளம் மறுக்கிறது என்பதற்காகச் சுழிய பைட்டுகளை நீக்கிவிட்டு மாற்றுவது பரவலாகக் காணப்படும் குறுக்குவழி. பெயர், முகவரி போன்ற புலங்களில் தவறி நுழைந்தவற்றுக்கு அது பொருந்தலாம். படக் கோப்பிலோ அது செப்பேட்டின் ஓர் எழுத்தைச் சுரண்டி எடுப்பதற்கு ஒப்பாகும் என்பதால், அத்தகைய புலத்தை முதலில் இரும வகைக்கு மாற்றி, மதிப்பை அதன் நீளத்துடன் தனி அளபுருவாக அனுப்பி, சேமித்த பின் மூலக் கோப்பின் பைட்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.