பதினாறு பக்கத்துப் படக்கதை

படக்கதை என்றவுடன் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் மனப்போக்கு கற்றோரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்காவில் அது ஒரு காலத்தில் அச்சமாகவே வளர்ந்தது. படக்கதைகள் இளையோரைக் குற்றவழியில் செலுத்துகின்றன என்று மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்த்தாம் 1954இல் நூல் எழுதினார். அவ்வாண்டே செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். படக்கதைகளைக் குவித்துக் கொளுத்திய ஊர்களும் உண்டு.

இங்ஙனம் இகழப்பட்ட வடிவத்தையே 'நல்லிணக்கத் தோழமை' என்னும் அமைதி இயக்கம் தன் கருத்துப் பரப்பலுக்குத் தேர்ந்தது. 1957 டிசம்பரில் 'மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கோமரி வரலாறும்' வெளிவந்தது. பக்கங்கள் 16, விலை 10 சென்ட். ஆல்ஃபிரட் ஹாஸ்லரும் பெண்டன் ரெஸ்னிக்கும் எழுத, கிங் அதனைப் பார்வையிட்டுத் திருத்தங்கள் கூறினார். இரண்டரை இலட்சம் படிகள் அச்சாயின என்பர். தேவாலயங்களும் பள்ளிகளும் அவற்றைக் கைக்குக் கைமாற்றின.

1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்ததும், கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து வென்றதும் ஜோன்ஸ் என்னும் எளிய மனிதன் வாய்மொழியாக அதில் சொல்லப்படுகின்றன. இடையே காந்தியடிகளின் வரலாறு வருகிறது. இறுதியில் போராடும் முறை படிப்படியாக விளக்கப்படுகிறது: எதிரியையும் மனிதனாகக் காண், அடிபட்டாலும் திருப்பி அடிக்காதே. தலைப்பில் கிங்கின் பெயர் மட்டும் நிற்பது ஒரு குறையே. புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஓரிரவில் ஆயிரக்கணக்கில் படியெடுத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை.

அலபாமாவின் டிராய் நகருக்கு அருகே, ஒரு குடியானவக் குடும்பத்தில் 1940இல் பிறந்தவர் ஜான் லூயிஸ். கோழிகளைக் கூட்டி வைத்துச் சமயச் சொற்பொழிவாற்றிய சிறுவன் அவர். பதினாறு வயதில் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்டபோது, அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியது என்று திருப்பியனுப்பினர். நூலகம் தராத கல்வி அவருக்குப் பத்து சென்ட் படக்கதையாக வந்தது. பதின்வயதின் இறுதியில் அதைப் படித்தார்.

நாஷ்வில்லில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜேம்ஸ் லாசன். நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு பணியாற்றிக் காந்திய நெறியைப் பயின்ற லாசன், மாண்ட்கோமரிச் செய்தியை முதலில் படித்ததே அந்நகரத்து நாளிதழில்தான். மாணவர்களை ஒருவரையொருவர் ஏசவும் தள்ளவும் செய்து, பொறுமையை அவர் பயிற்றுவித்தார். அப்பயிலரங்குகளில் இப்படக்கதையும் பாடநூலாயிற்று. 1960 பிப்ரவரியில் அம்மாணவர்கள் உணவுக்கூடங்களில் அமர்ந்தனர்; சிகரெட் நெருப்பால் சுடப்பட்டபோதும் கைநீட்டவில்லை. மே மாதம் நகரின் உணவுக்கூடங்கள் கறுப்பினத்தவர்க்குத் திறந்தன. 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் காவலர் தடியால் லூயிசின் மண்டை ஓடு விரிசல் கண்டது.

பின்னர் 1987 முதல் 2020 வரை அவர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். 2008 தேர்தல் முடிந்தபின் படக்கதை மாநாட்டுக்குப் போகப்போவதாகக் கூறிய ஆண்ட்ரூ அய்டின் என்னும் இளம் உதவியாளரைப் பிறர் கேலி செய்தனர். லூயிஸ் அவர்களைத் தடுத்து, தம்மை ஆளாக்கிய அப்பழைய படக்கதையைப் பற்றிச் சொன்னார். அய்டின் அவரை விடவில்லை. அவரும் ஒன்று எழுதவேண்டும் என வற்புறுத்தினார். இருவரும் எழுத, நேட் பவல் வரைய, 'மார்ச்' மூன்று பாகங்களாக 2013, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது. கறுப்பு வெள்ளையிலேயே அமைந்த அந்நூலில் அடிபட்டவர் மட்டுமல்லர், அடித்தவரும் முகமுடைய மனிதராகவே வருகின்றனர்.

2015இல் சான் டியேகோ படக்கதை மாநாட்டில், செல்மாவில் அணிந்தது போன்ற மேலங்கியும் முதுகுப்பையுமாகச் சிறுவர்களுடன் அவர் நடந்து சென்றார். அடுத்த ஆண்டு மூன்றாம் பாகத்திற்குத் தேசிய நூல் விருது கிட்டியது. படக்கதை நூலொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. மேடையேறிய 76 வயது முதியவர் 1956இல் கிடைக்காத நூலக அட்டையைப் பற்றிப் பேசினார். குரல் தழுதழுத்தது.