எல்லை நடந்தவர்கள்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? மணல் அள்ளிய பள்ளமும் கருவேலங்காடும்தான். ஆனால் எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது லேசுப்பட்ட ஆறில்லை. வடக்கே சோழநாடு, தெற்கே பாண்டியநாடு என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட்டிருக்கிறேன். ஒருநாள் அதை அப்பாயியிடம் சொன்னேன். வெத்திலையை மென்றுகொண்டே கேட்டது: "ஆத்துக்கு அங்கிட்டு நம்மாளுக ஊருக்குள்ள குடியிருக்காகளாடா?" இல்லை என்றேன். "அப்பறம் என்னடா வேற நாடு?"

கொஞ்ச நாள் முன்னால் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பண்பாட்டால் வடக்கும் தெற்கும் எந்தக் கோட்டில் பிரிகின்றன என்று விவாதம். ஒருவர் விந்தியமலை என்றார். இன்னொருவர் நர்மதை. தமிழாசிரியர் ஒருவர் தொல்காப்பியப் பாயிரத்தை எடுத்து வேங்கடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "அப்போ வேங்கடத்துக்கு அங்கிட்டு இருக்கிற தெலுங்கரும் கன்னடரும் வடக்கா?" என்று பின்வரிசையில் ஒரு மாணவி கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடைசியாகப் பேசியவர் சொன்னார்: சாதி வெறி வடக்கின் சரக்கு, நம்முடையது பகுத்தறிவு மண். நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோடு தேடியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. மானுடவியலாளர் ஐராவதி கார்வே 1953இல் எழுதிய நூலில் உறவுமுறையை வைத்துப் பார்த்தார். அத்தைமகளையும் மாமன்மகளையும் கட்டுவது தெற்கு, அதைக் குற்றமாக நினைப்பது வடக்கு. ஆனால் மராத்தியர்கள் பலர் மாமன்மகளைக் கட்டுகிறார்கள். அதனால் அவருக்கு நடுவே ஒரு மண்டலம் தனியாகப் போட வேண்டி வந்தது. மொழியை வைத்துப் பார்த்தாலும் இதே கதிதான். மத்தியப் பிரதேசத்தில் கோண்டி, ஜார்க்கண்டில் குருக், கங்கைக்கரை ராஜ்மகால் குன்றுகளில் மால்டோ, எல்லாம் திராவிட மொழிகள். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பிராகுயி. பிராகுயிக்காரர்களை விட்டுவிட்டால் மற்றவர்கள் ஆதிவாசிகள், காட்டுக்கும் குன்றுக்கும் தள்ளப்பட்ட சனங்கள். தெற்கின் மொழியை வடக்கே இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது அவர்கள்தான். அன்றைய மேடையில் ஒருத்தரும் அவர்கள் பேரை எடுக்கவில்லை.

திருமயத்துக்கே வருவோம். ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில். வருமானத்தைப் பங்கு போடுவதில் ரெண்டு தரப்புக்கும் நெடுநாள் தகராறு. அதை 1245இல் தீர்த்து வைத்தவர் அப்பண்ண தண்டநாயகர், ஹொய்சளத் தளபதி. பேருக்கு ஆட்சி பாண்டியனுடையது. பஞ்சாயத்துப் பண்ணியது துவாரசமுத்திரத்துக் கன்னட ராஜ்ஜியத்தின் படைத்தலைவர். தீர்ப்பைக் கல்லிலும் வெட்டியாயிற்று. கோட்டை கட்டியவர் ராமநாதபுரத்துச் சேதுபதி, 1687இல். பிறகு அது தொண்டைமான்கள் கைக்குப் போனது. அவர்களின் வம்சக்கதையோ தாங்கள் திருப்பதிப் பக்கமிருந்து வந்தவர்கள் என்கிறது. வேங்கடமாவது, வெள்ளாறாவது. ஆளுகிறவன் காலுக்கு ஆறும் மலையும் குறுக்கே நின்றதே இல்லை.

அசையாத எல்லை ஒன்று உண்டு. தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. வரி இல்லாத இடங்கள் எவை என்று கழிக்கும்போது குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் வருகிறது. ஆயிரம் வருசம் ஆகிறது. சோழன் போனான், பாண்டியன் போனான், நாயக்கன் போனான், வெள்ளைக்காரன் போனான். 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974இல் மறுபடி தனி மாவட்டமாக வெளியே வந்தது. சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மொழிவாரி மாநிலம் பிரித்தபோது நடந்த போராட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. தெற்கே நேசமணி, வடக்கே ம.பொ.சி. கன்னியாகுமரி 1956இலும் திருத்தணி 1960இலும் வந்து சேர்ந்தன. ஆனால் 1955இலேயே அண்ணல் அம்பேத்கர் மொழிவாரி மாநிலங்கள் பற்றிய நூலில் எச்சரித்தார்: ஒவ்வொரு மொழிப்பகுதியிலும் நிலத்தை வைத்திருக்கிற பெரிய சாதி ஒன்று இருக்கும், சின்னச் சாதிகள் அதன் தயவில் கிடக்க வேண்டி வரும். ஆந்திரத்தில் ரெட்டிகளையும் கம்மாக்களையும் பேர் சொல்லியே எழுதினார். அதே நூலில்தான் வடக்கு பழமையில் ஊறியது, தெற்கு முற்போக்கானது, வடக்கு மூடநம்பிக்கை, தெற்கு பகுத்தறிவு என்றும் சொல்கிறார். இந்தி மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து தெற்கை அமுக்கிவிடும் என்ற கவலை அவருக்கு. கவலை நியாயம். தெற்குக்குக் கொடுத்த அந்தச் சான்றிதழை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் எழுதிப் 13 வருசத்தில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் வேங்கைவயல் சேரிக்குத் தண்ணி போகிற தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டர், பக்கத்து இறையூர் டீக்கடையில் ரெட்டைக் குவளையையும் கண்டார். ஐயனார் கோயிலுக்குள் நம் ஜனங்களை அவரே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் அதே சேரியைச் சேர்ந்த மூணு பேர் மீதே போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது. அந்த ஜனம் அதை ஏற்கவில்லை. இதெல்லாம் எந்த விந்தியமலையைத் தாண்டி வந்தது?

நம்மில் ஒருவர் வேறொரு வரைபடமே போட்டுப் பார்த்திருக்கிறார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கிய அயோத்திதாசருக்கு இந்தியா முழுக்க இந்திரர் தேசம், புத்தரின் தேசம். மகதமும் தமிழும் அவருக்கு ஒரே நிலம். பௌத்தர்கள் யார், அவர்களைக் கீழே தள்ளிய வேஷப் பார்ப்பனர்கள் யார், அவர் கண்ட பிரிவினை அதுதான். அவர் சொல்கிற சொற்பிறப்புகள் பலவற்றை வரலாறாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் வடக்கு தெற்கு என்று நம் தலையில் ஏற்றி வைத்த சுமையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இறக்கி வைத்த மனுசன்.

எல்லை பற்றி உண்மையில் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுதிகளில் ஒரு குறிப்பு கிடக்கிறது. எல்லைத் தகராறு வந்தால் பறையரைக் கூப்பிட்டு, தலையில் தண்ணிப்பானை வைத்து நடக்கச் சொல்வார்கள். அவர் நடந்த தடம்தான் எல்லை. இவர்களே மண்ணின் பழைய குடிகள் என்பதற்கு இது அடையாளம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதினார்கள்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கதையை அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சமஸ்தானக் காலம். ஒரு கண்மாய் யாருக்கு என்று ரெண்டு ஊருக்கும் வெட்டுக்குத்து. எங்கள் பூட்டனைக் கூட்டிப்போய், குளிக்க வைத்து, ஈரத்துணியோடு பானையைத் தூக்கிவிட்டார்கள். பின்னால் ரெண்டு ஊர் அம்பலகாரர்களும் நடந்து வந்தார்கள். "வெயிலு மண்டையப் பொளக்குது. சொட்டுத் தண்ணி சிந்தல" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாயி. நடந்து முடித்த இடத்தில் கல் நட்டார்கள். பானைத் தண்ணியைக் கல்லுக்கு ஊற்றிவிட்டார்கள். கூலி ரெண்டு மரக்கால் நெல். குடிக்கத் தண்ணி கேட்டதற்கு ரெண்டு ஊர்க்காரர்களும் கொடுக்கவில்லையாம். கண்மாய்க்குள் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு, ஊருக்குள் போகாமல் வரப்பு வழியாகவே வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

போன மாசிக்குப் போய்ப் பார்த்தேன். கல் இருக்கிறது. பாதி மண்ணுக்குள். மேலே ஆடு கட்டியிருந்தார்கள்.