எண் உண்டு, பெயர் இல்லை

அண்மையில் ரொறன்ரோவில் நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒரு படம் கண்டேன். அது ஒரு நகரத்தின் படம் என்றார். ஆனால் அதில் கட்டடமும் இல்லை, வீதியும் இல்லை. நீலமும் செம்மஞ்சளுமாகச் சில பட்டைகள், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவே. அடியில் பென்சிலால் 12/50 என்ற எண்ணும் ஓவியரின் கையொப்பமும் இருந்தன. ஐம்பது படிகளில் இது பன்னிரண்டாவது என்பது பொருள். "எங்கட நாட்டில இப்படி ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார் நண்பர். எனக்கு மாத்தளை நினைவுக்கு வந்தது.

அந்தப் படம் சில்க் ஸ்கிரீன் அச்சு. கல்யாண அழைப்பிதழிலும் தேர்தல் பதாகையிலும் நாம் கண்டு பழகிய தொழில்தான். சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்து, இறப்பர்ப் பட்டையால் மையை வழித்தால் கீழுள்ள தாளில் உருவம் பதியும். நிறத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் அமெரிக்க ஓவியர்கள் இதனைக் கலையாகக் கையாளத் தொடங்கினர். ஆயிரம் படிகள் எடுக்க வல்ல தொழிலில், ஐம்பதோடு நிறுத்துவேன் என்று ஓவியர் தரும் வாக்குறுதியே அந்த எண்.

பத்திக்குக்கு அந்த வாக்குறுதி தேவையில்லை. துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் கொதிநீரில் மெழுகு கரைந்து போகும். அதனோடு வரைவும் போய்விடும். அடுத்த துணிக்கு மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். ஒன்றைப் போல இன்னொன்று அமைவதில்லை.

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதியில் சிறிது தூரத்தில் உள்ளது அலுவிகாரை. அவ்வூர்க் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர் ஈனா த சில்வா. முதலாவது இலங்கையர் பொலிஸ் மா அதிபர் சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் மகன் அனிலுடனும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவுடனும் சேர்ந்து, சுற்றுலாப் பொருளாக மட்டும் எண்ணப்பட்ட பத்திக்கை நவீன ஓவியத்தின் தரத்துக்கு உயர்த்தினார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டப உட்கூரை அவரது பத்திக்குகளால் நிறைந்தது. பின்னாளில் அலுவிகாரைக்கே திரும்பி, அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் தையல் வேலைப்பாடும் நடத்தினார். 2015இல் மறைந்தார்.

அவரைச் சூழ்ந்த கதைகளிலும் எண்கள் வருகின்றன. 1979இல் வெளிவந்த பறவைகளும் விலங்குகளும் கொண்ட நாணயத்தாள்களை வரைந்தவர் லக்கி. அவர் 2021இல் மறையும்வரை இதே மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே தியபுபுலவில் வாழ்ந்தவர். இலட்சக்கணக்கில் அச்சான அத்தாள்கள் ஒவ்வொன்றிலும் தொடரிலக்கம் உண்டு. கொழும்பு அல்பிரட் பிளேஸில் 1962இல் பாவா கட்டி முடித்த ஈனாவின் வீடு 2009இல் விலைப்பட்டபோது, கல்லும் மரமும் எண்ணிடப்பட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்டு, லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது.

எண்ணிட்டுக் காப்பதில் நாம் குறை வைக்கவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அதை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

1990களில் அலுவிகாரைப் பட்டறை பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதினேன். ஈனா, பாவா, லக்கி என எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. மெழுகுச் சட்டியின் சூட்டருகே நாள் முழுதும் குந்தியிருந்து, கை நடுங்காமல் கோடிழுத்த பெண்களைக் "கிராமத்துப் பெண்கள்" என்று இரு சொற்களில் முடித்தேன். அவர்களுள் ஒருவர் எனக்குத் தேநீர் தந்து, சாயமேறிய தன் விரல்களைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. பெயர் கேட்கவில்லை. செய்தியாளனின் முதற் பாடமே அதுதான்.

அந்தப் பட்டறையின் அருகிலுள்ள குகை விகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுதுவித்த காலத்து மன்னன் வட்டகாமணியின் பெயர் நமக்குத் தெரியும். எழுத்தாணி பிடித்த கைகள் யாருடையவை என்று தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த மறதிக்கு நான் பொறுப்பல்லன். முப்பது ஆண்டுக்கு முந்தியதற்குப் பொறுப்பாளி நானே.

நண்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் எழுந்து சென்று படத்தின் அடியில் மீண்டும் பார்த்தார். ஓவியரின் கையொப்பம் தெளிவாக இருந்தது. சட்டம் பிடித்து மை வழித்தவர் யார் என்பதற்கு அங்கும் ஓர் அடையாளம் இல்லை.